பையில் வளர்க்கும் சிப்பிக் காளான்: சத்து எவ்வளவு, கட்மியம் எவ்வளவு?

முதலில் கேள்வியைச் சுருக்கித் திரும்பச் சொல்கிறேன், பின்னால் வாசிக்க வருபவர்களுக்கும் விளங்கட்டும். கோண்டாவில் பக்கம் இருக்கிற ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அயலில் ஒருவர் பொலித்தீன் பைகளில் வளர்த்து விற்கும் சிப்பிக் காளானைக் கிழமைக்கு இரண்டு தரம் வாங்கிச் சமைக்கிறார். காளான் ஈயம், கட்மியம், பாதரசம் எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்திருக்கும் என்று யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று, சிறுநீரகக் கிளினிக்குக்குப் போய்வரும் மாமி ஒருவர். இவர்களுக்குக் கொடுக்கலாமா, நன்றாகக் கழுவினால் நஞ்சு போகுமா, பக்கற்றில் போட்டிருக்கிற ‘இரும்பும் கல்சியமும் நிறைந்தது’ என்பது உண்மையா என்று மூன்றையும் சேர்த்தே கேட்டிருக்கிறார். இதற்குள் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: சத்து என்று நினைத்துப் பிள்ளைக்கு நஞ்சைக் கொடுக்கிறேனா? சுத்தமான மரத்தூளில் வளர்ந்த காளான் என்றால், நீங்கள் சமைக்கிற அளவில், இல்லை. அந்த ‘சுத்தமான மரத்தூள்’ என்பதில்தான் விஷயம் எல்லாம் இருக்கிறது. மாமிக்கு உரிய பதில் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் உணவு வேதியியல் படித்து, ஆய்வுகூடத்தில் உணவுப் பொருட்களில் உலோகம் அளக்கும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன். இப்போது வடக்கில் சிறிய அளவில் காளான் செய்பவர்களின் கொட்டில்களுக்குப் போய்வருகிறேன். வைத்தியர் அல்ல. ஆகவே கீழே நோயைப் பற்றிச் சொல்லும் இடங்களில் உங்கள் வைத்தியரின் சொல்லே முந்தும்.

காளான் உலோகங்களை உறிஞ்சும் என்று அந்தக் காணொளி சொல்வது பொய் இல்லை. காளான் தன் உணவைத் தானே தயாரிப்பதில்லை. நாம் பறித்துச் சாப்பிடும் குடைக்குப் பின்னால் வெள்ளை நூல் வலை ஒன்று இருக்கிறது. அது நொதியங்களைச் சுரந்து மரத்தை வெளியிலேயே கரைத்து, கரைந்து வருவதை உள்ளே எடுக்கிறது. பொற்றாசியமும் பொஸ்பரசும் போகிற வழியில் கட்மியமும் போகும். காட்டுக் காளானில் இந்த வலை மண்ணுக்குள் வருடக்கணக்காகப் பரந்து கிடந்து பெரிய பரப்பிலிருந்து திரட்டிக்கொண்டு வரும். பையில் வளரும் காளானுக்கு அந்த வசதி இல்லை. பைக்குள் நாம் என்ன அடைத்தோமோ அதிலிருந்து, சில கிழமைகளில், எடுக்கக்கூடியதை மட்டும் எடுக்கும். உங்கள் காணொளியில் சொல்லப்பட்ட பயங்கரமான அளவுகள் பெரும்பாலும் காட்டுக் காளான்களுக்கும், சுரங்கம், உலோக உருக்கு ஆலைகளுக்குப் பக்கத்தில் முளைத்தவற்றுக்கும் உரியவை. அந்த எண்ணைக் கொண்டுவந்து கோண்டாவில் கொட்டிலில் முளைத்த காளானின் தலையில் போடுவது நியாயம் இல்லை.

நம் நாட்டில் வழமையாகப் பைக்குள் போவது 10 கிலோ மரத்தூளுக்கு 1 கிலோ தவிடு, கொஞ்சம் பயறு அல்லது சோயா மா, 200 கிராம் அளவில் கல்சியம் காபனேற்று, 20 கிராம் அளவில் மக்னீசியம் சல்பேற்று. ஆளுக்கு ஆள் சிறிது மாறும். இதைக் கலந்து, ஈரம் பதம் பார்த்து, பையில் இறுக்கி, பீப்பாவில் மணிக்கணக்காக ஆவியில் அவித்து, ஆறவிட்டு வித்துப் போடுகிறார்கள். அவிப்பதில் கிருமி சாகும். உலோகம் சாகாது. அது ஒரு மூலகம். அவித்தாலும், காய்ச்சினாலும், பொரித்தாலும் அப்படியேதான் இருக்கும். பைக்குள் போன கட்மியத்துக்கு வெளியே வர இரண்டு வழிகள்தான் உண்டு: ஒன்று காளானோடு உங்கள் சட்டிக்கு, மற்றது அறுவடை முடிந்த பைத்தூளோடு தோட்டத்துக்கு.

சரி, சத்துக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணையில் 100 கிராம் பச்சைச் சிப்பிக் காளானுக்குப் பொற்றாசியம் 420 மில்லிகிராம், பொஸ்பரஸ் 120, மக்னீசியம் 18, சோடியம் 18, இரும்பு 1.3, நாகம் 0.77, செம்பு 0.24, கல்சியம் வெறும் 3 மில்லிகிராம் என்று இருக்கிறது. பை எதனால் ஆனதோ அதற்கேற்ப இந்த எண்கள் கூடும் குறையும், ஆனால் வரிசை மாறுவது அரிது. பொற்றாசியம் எப்போதும் முன்னால் நிற்கும், அதற்கு அடுத்தது பொஸ்பரஸ், கல்சியம் எப்போதும் பின்னால்தான். ஆகவே பக்கற்றில் ‘கல்சியம் நிறைந்தது’ என்று போட்டிருந்தால் அது தவறு. பைக்குள் எவ்வளவு சுண்ணாம்பைக் கலந்தாலும் குடைக்குள் கல்சியம் பெரிதாக ஏறாது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற நம் சுண்ணாம்புப் பாறைக் கிணற்றுத் தண்ணீர் ஒரு தம்ளரில் 100 கிராம் காளானைவிடக் கூடுதலாகக் கல்சியம் இருக்கும். முருங்கை இலை 100 கிராமில் 185 மில்லிகிராம். இரும்பும் அப்படித்தான். மாதவிடாய் வரும் வயதிலுள்ள ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 18 மில்லிகிராம் வேண்டும் என்று வைத்தால், 100 கிராம் காளானில் கிடைப்பது அதில் ஏறத்தாழப் பதினான்கில் ஒரு பங்குதான். இரத்தச்சோகைக்குக் காளான் மருந்து என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

ஆனால் காளானுக்கு என்று உண்மையான பெறுமதி உண்டு. செம்பு நாள் தேவையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கிடைக்கிறது. சோடியம் மிகக் குறைவு, பொற்றாசியம் நிறைய. உப்புக் கருவாடும் ஊறுகாயும் நிறைந்த நம் சாப்பாட்டுக்கு, இரத்த அழுத்தம் உள்ள, சிறுநீரகம் நன்றாக உள்ள ஒருவருக்கு இது அருமையான சேர்மானம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 3510 மில்லிகிராம் பொற்றாசியம் வேண்டும் என்கிறது, அதில் எட்டில் ஒரு பங்கு ஒரு கறியில் வந்துவிடும். செலனியம் வெள்ளை மொட்டுக் காளானில் 100 கிராமுக்கு 9 மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது, சிப்பியில் அதைவிடக் குறைவு. வளரும் ஊடகத்தில், அதாவது பைக்குள் அடைத்த கலவையில், செலனியம் இருந்தால் காளானிலும் ஏறும் என்பது தெளிவாக நிறுவப்பட்ட விஷயம். கட்மியம் ஏறுவதும் இதே வழியில்தான்.

இனி நஞ்சுக்கு வருவோம். இதில் ஆட்கள் அதிகமாகக் குழம்புவது ஒரு இடத்தில். ஆய்வுகூடத்தில் காளானை அப்படியே அளப்பதில்லை. 100 கிராம் பச்சைக் காளானை அடுப்பில் உலர வைத்தால் விரலால் தொட்டதும் நொறுங்கும் சருகு சுமார் 10 கிராம் மிஞ்சும். மற்றதெல்லாம் தண்ணீர். அந்தச் சருகை இடித்துப் பொடியாக்கி, சிறிதளவு நிறுத்தெடுத்து நைத்திரிக் அமிலத்தில் சூடாக்குவோம். பழுப்பு நிறப் புகை கிளம்பி அடங்கி, கரைசல் தெளிந்து வரும்போதுதான் கருவியில் விடலாம். வரும் விடை உலர்நிறையில் இருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரையில் ‘கிலோவுக்கு 1 மில்லிகிராம் கட்மியம்’ என்று இருந்தால், அது உலர்நிறைக்கு என்றால், சந்தையில் வாங்கும் பச்சைக் காளானில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான். சட்டம் சொல்லும் எல்லைகளோ பச்சை நிறைக்கு உரியவை. இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தைக் கவனிக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பயமுறுத்தும் காணொளிகளை நானும் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. பயந்து ஒரு நல்ல சாப்பாட்டை விடுவது வாங்குபவருக்கு நட்டம், கடன் எடுத்துக் கொட்டில் போட்ட ஒரு குடும்பத்துக்கும் நட்டம்.

எல்லை என்ன? ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் கட்மியத்துக்கான எல்லைகளைத் திருத்தியது. சிப்பிக் காளானுக்கும் ஷிட்டாக்கே காளானுக்கும் பச்சை நிறையில் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம். மற்ற வளர்ப்புக் காளான்களுக்கு 0.05. காட்டுக் காளான்களுக்கு 0.50. இந்த மூன்று எண்களே நிலைமையைச் சொல்லிவிடும்: மரத்தில் வளரும் சிப்பியும் ஷிட்டாக்கேயும் மொட்டுக் காளானைவிடக் கட்மியத்தைக் கூட எடுக்கும் இயல்புடையவை, காட்டில் முளைப்பவை இன்னும் கூட. ஈயத்துக்குச் சிப்பியில் எல்லை 0.30.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2009இல் சொன்னபடி, ஒரு கிழமைக்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.5 மைக்ரோகிராம் கட்மியம் வரை தாங்கலாம். இது கடுமையான அளவுகோல், வேண்டுமென்றே அதை எடுக்கிறேன். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிழமைக்கு 150 மைக்ரோகிராம். காளானில் எல்லை மட்டத்துக்கே, அதாவது 0.15 வரை, கட்மியம் இருக்கிறது என்று மோசமான பக்கமாகவே வைப்போம். 100 கிராமில் 15 மைக்ரோகிராம், கிழமைக்கு இரண்டு தரம் என்றால் 30. ஐந்தில் ஒரு பங்கு. 16 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு எல்லை 40, ஒரு தரத்துக்கு 50 கிராம் என்று இரண்டு தரம் கொடுத்தால் 15. இது மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூட. சுத்தமான ஊடகத்தில் வளர்ந்த காளானில் இதைவிட நன்றாகக் குறைவாகவே இருக்கும், ஆகவே பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஆனால் இதே காளானை நாள்தோறும் 200 கிராம் என்று ‘டயற்’ எடுத்துச் சாப்பிடுபவர், எல்லை மட்டக் காளான் என்றால், ஐந்தே நாளில் கிழமைக்குரிய முழுப் பங்கையும் முடித்துவிடுவார். சோறும் கீரையும் கொண்டுவரும் கட்மியம் அதற்கு மேல். தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு அனுமதிக்கும் கட்மிய எல்லை கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்பதையும், அரிசியை நாம் நாள்தோறும் சாப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கட்மியத்துக்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், அது போனால் திரும்பி வர மனமில்லாத உலோகம். சிறுநீரகத்தில் தங்கி, பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் எடுக்கும். யப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில், சுரங்கக் கழிவு பாய்ந்த வயல்களின் அரிசியைப் பல்லாண்டு சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்பு நொறுங்கிய ‘இத்தாய் இத்தாய்’ நோய் இதனால் வந்ததுதான். அது ஒரு சட்டி காளான் கறியால் வரும் சங்கதி அல்ல, பல்லாண்டு நாள்தோறும் சேர்ந்ததால் வந்தது. இன்னொன்றும் உறுதியாகச் சொல்லலாம்: உடலில் இரும்பு குறைந்தவர்களின் குடல் கட்மியத்தைக் கூடுதலாக உள்ளே எடுக்கும். புகைப்பவர்களுக்குப் புகையிலையிலிருந்து வரும் கட்மியமே சாப்பாட்டிலிருந்து வரும் அளவுக்கு இருக்கும். வீட்டில் யாராவது சுருட்டுப் பிடித்தால், காளானுக்கு முன் அதைத்தான் நிறுத்த வேண்டும்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈயத்தைக் காளான் கட்மியம் போல இழுத்துச் சேர்ப்பதில்லை. ஊடகத்தில் இருப்பதைவிடக் குறைவாகவே பெரும்பாலும் குடைக்கு ஏறும். ஈயம் வந்தால் அசுத்தமான தூளாலும் தெருத் தூசியாலும் வரும். பாதரசம் காட்டுக் காளான் சிலவற்றின் பிரச்சினை, பையில் வளர்வதில் கவலைப்பட ஒன்றும் இல்லை என்றே சொல்வேன். ஆசனிக் சற்றுச் சிக்கலானது: நெற்பயிர் அதை எடுக்கும், வைக்கோலிலும் தவிட்டிலும் தீட்டிய அரிசியில் இருப்பதைவிட அதிகம். ஆகவே வைக்கோலில் வளர்க்கும்போது வைக்கோல் எந்த வயலுடையது என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது பையை. யாழ்ப்பாணத்தில் றப்பர் மரம் இல்லை. தெற்கிலிருந்து றப்பர்த் தூள் எடுப்பித்தால் லொறிக் கூலி கட்டாது என்று பலர் பக்கத்து மர ஆலையிலும் தச்சுப் பட்டறையிலும் தூள் அள்ளுகிறார்கள். பச்சை மா மரம் அறுத்த தூள் என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. தச்சுப் பட்டறைத் தூள் அப்படி அல்ல. ஒரு கொட்டிலில் குவித்திருந்த தூளில் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தோம். மரத்தூளுக்கு நடுவே நகக்கண் அளவில் நீலமும் பச்சையுமாகப் பூச்சுச் செதில்கள், ஒட்டுப்பலகையின் பசை பளபளக்கும் சிம்புகள். பழைய வீட்டின் கதவு, யன்னல் இழைத்த தூள் அது. பழைய பூச்சுகளில் ஈயம் உண்டு, மஞ்சள், சிவப்பு நிறமிகள் சிலவற்றில் கட்மியமும் உண்டு. கறையான் வராமல் மருந்தேற்றிய பலகை இன்னும் மோசம், செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றும் சேர்ந்த மருந்து உலகமெங்கும் நெடுங்காலம் பாவனையில் இருந்தது. அந்தக் கொட்டில்காரர் கெட்ட மனிதர் அல்ல, மரத்தூள் என்றால் மரத்தூள்தானே என்று நினைத்தார். சொன்னதும் அன்றே குவியலை அப்புறப்படுத்தினார்.

பைக்குள் சேர்க்கும் மற்றவற்றிலும் இதே கண் வேண்டும். விளைச்சல் கூடும் என்று யாராவது பொஸ்பேற்று உரம் போட்டால் அதோடு கட்மியமும் வரலாம், பொஸ்பேற்றுப் பாறையில் அது இயல்பாகவே இருக்கிறது. பொஸ்பேற்று உரத் தொழிற்சாலைக் கழிவாக வரும் ஜிப்சமும் அப்படியே. அறுவடை முடிந்த பைத்தூளைப் புதுத் தூளோடு கலந்து மறுபடியும் பை கட்டுவதையும் நான் விரும்புவதில்லை. மரத்தில் பெரும் பங்கைக் காளான் தின்று காற்றாக விட்டுவிடும், உலோகம் மட்டும் மிஞ்சும். அளவு சுருங்கிய தூளில் அதே உலோகம் செறிந்து நிற்கும். அவிக்கும் பீப்பா முன்பு என்ன ஏற்றி வந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தண்ணீரைப் பற்றி ஒரு சொல்: சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு கிணற்று நீர் என்றாலே எல்லோருக்கும் பயம், அது நியாயமான பயம். ஆனால் நம் குடாநாட்டு நிலத்தடி நீரில் பரவலாக உறுதிப்பட்ட பிரச்சினைகள் நைத்திரேற்றும் உவர்ப்பும். காளானின் உலோகக் கணக்கில் தூளுக்குத்தான் முதலிடம்.

கழுவுவதைப் பற்றிக் கேட்டீர்கள். கழுவினால் மேலிருக்கும் தூசியும் தூளும் போகும், அதோடு ஒட்டிய ஈயமும் போகும். உள்ளே ஏறியது போகாது. துண்டாக்கி நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரை ஊற்றினால் கட்மியத்தில் ஒரு பகுதி இறங்கும், கூடவே பொற்றாசியமும் இறங்கும். எவ்வளவு என்பது துண்டின் பருமன், நேரம், தண்ணீரின் அளவைப் பொறுத்தது. சாப்பிட்ட பிறகு குடல் எவ்வளவு எடுக்கிறது என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. காளானின் கலச்சுவரில் உள்ள ‘கைற்றின்’ என்ற நார்ப்பொருள் நமக்குச் சரியாகச் செரிக்காது, அதனால் அளந்த முழு அளவும் உடலில் சேராது என்பது மட்டும் பொதுவான கருத்து. இது சத்துக்கும் பொருந்தும், நஞ்சுக்கும் பொருந்தும்.

மாமிக்கு வருவோம். அவருக்கு ஆபத்து என்றால் அது ஈயமோ கட்மியமோ அல்ல, முதலில் பொற்றாசியம்தான். சிறுநீரகம் தளர்ந்தவர்களில் சிலருக்கு இரத்தத்தில் பொற்றாசியம் ஏறும், ஏறினால் இதயத் துடிப்புக் குழம்பும். பொஸ்பரசும் கவனிக்க வேண்டியது. எல்லாச் சிறுநீரக நோயாளருக்கும் பொற்றாசியக் கட்டுப்பாடு இருப்பதில்லை. கிளினிக் கொப்பியில் கடைசி இரத்தப் பரிசோதனையின் பொற்றாசிய அளவு எழுதியிருக்கும், அதைக் காட்டி வைத்தியரிடமோ உணவு ஆலோசகரிடமோ ‘காளான் சாப்பிடலாமா, எவ்வளவு?’ என்று நேராகக் கேளுங்கள். அதுவரை அவருக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அவர்கள் அனுமதித்தால், சிறு துண்டாக்கி நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுச் சமையுங்கள். சூப் வேண்டாம், இறங்கிய பொற்றாசியம் எல்லாம் சூப்பில்தான் இருக்கும்.

கடையில் விற்கும் உலர்ந்த ஷிட்டாக்கேயைப் பற்றியும் ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். 20 கிராம் உலர்ந்தது 200 கிராம் பச்சைக்குச் சமம் என்று நினைத்துக்கொண்டு அளவாகப் போடுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள். மாரி மழைக்குப் பனங்காணியிலும் புற்றடியிலும் முளைப்பதை, இனம் நிச்சயமாகத் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் பறிக்காதீர்கள். அங்கே உலோகம் இரண்டாவது கவலை, நச்சுக் காளான் முதலாவது.

உங்கள் பக்கற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது, அளந்தால்தான் தெரியும். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் கட்டணத்துக்கு உலோகம் அளந்து தருவார்கள். ஒரு வீட்டுக்காரர் அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை. ஒரே இடத்தில் தூள் எடுக்கும் கொட்டில்காரர்கள் சிலர் சேர்ந்து, தூளையும் காளானையும் ஒன்றாகக் கொடுத்துக் கட்மியம், ஈயம், ஆசனிக் மூன்றையும் அளப்பித்தால் போதும். அறிக்கையில் உலர்நிறையா பச்சை நிறையா என்று எழுதித்தரச் சொல்ல மறக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது, அடுத்த தரம் வாங்கப் போகும்போது கொட்டிலைப் பார்க்கலாமா என்று கேட்டு, தூள் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பது. நன்றாகச் செய்பவர் மறைக்க மாட்டார். அவர் சொல்வதை இங்கே எழுதுங்கள். ஆலையின் பெயர் வேண்டாம், என்ன மரம், புதிதாக அறுத்ததா பழைய பலகை இழைத்ததா, பைக்குள் வேறு என்ன சேர்க்கிறார் என்பது மட்டும் போதும். அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.